உக்காந்து பாக்குற வேலை

"ஏம்மா குழலி, உன் தம்பிக்கு நெஜமாவே ஒடம்பு முடியலையா, இல்ல எங்கிட்ட கத வுட்டியா?"

மெடிக்கல் ஷாப்பு முதலாளி ராமலிங்கம் பட்டுனு கேட்டதும் கார்குழலிக்கு மூஞ்சியே செத்துப்போச்சு. அதே கடையிலதான் அவளும் வேலை பாக்குறா.

"ஏன் சார்?"

"தோ, வெளிய பாரு!"

பில்லு போடுற சீட்டு காலி. மருந்தும் கையுமா ஜனங்க நிக்குது. தம்பி செம்மல் என்னடான்னா, கடை வாசல்ல இடுப்புல கைய வெச்சிக்கிட்டு இந்தாண்டையும் அந்தாண்டையும் நடந்துகிட்டு இருக்கான்!

"முதுகெலும்புல வாதம், உக்காந்து பாக்குற வேலையா குடுங்கன்னு நீதான கெஞ்சுன? பாவமேன்னு சேரைப் போட்டுக் குடுத்தேன். தொரை பீச்சுல காத்து வாங்குற மாதிரி ஒலாத்துறாரு! நாளைலேருந்து வர வேணாம்னு சொல்லிடு."

இதுக்கு முன்னாடி ஒரு ஜவுளிக்கடை, அப்புறம் ஒரு லாட்ஜு. அங்கயும் இதே கததான்.

சாயங்காலம் கடைய வுட்டு எறங்குனதும், "ஆட்டோ புடிக்கவா?"ன்னா, வேண்டா வெறுப்பா.

"வேணாங்க்கா. நடந்தே போலாம்."

அவ்ளோதான், குழலிக்குப் பொங்கிட்டு வந்துது.

"ஊர்ல அவனவன் வெயில்ல காயிறான். உனக்கு ஃபேனுக்கு அடியில சேரைப் போட்டுக் குடுத்தா கசக்குதா? உக்காரக்கூடவாடா வலிக்குது உனக்கு?"

"ஆமாக்கா."

கிண்டலுக்குக் கேட்டா. அவன் நெஜமா பதில் சொன்னான்.

"உக்காந்தாதான் வலிக்குது. உக்கார உக்கார முதுகு அப்படியே இறுகிக்குது. நடக்க நடக்கத்தான் எளகுது. எனக்கு வந்திருக்குற நோயி அப்படி."

"டாக்டரு சொன்னாரா?"

"மொத நாளே சொன்னாரு. நீ எங்க உள்ள வந்த? வெளிய நின்னு அழுதுகிட்டு இருந்த."

"அத கடையில சொல்றதுக்கு என்னடா?"

"என்னான்னு சொல்றது? நடக்க முடியுதுன்னா, அப்ப உனக்கு நோயே இல்லங்குறாங்க. நோயின்னா, ஒடனே சேரை இழுத்துப் போட்டுடுறாங்க."

குழலி அவன் நடைக்கு ஈடா நடந்தா.

"அப்ப உனக்கு எந்த வேலைதான்டா தோதுப்படும்?"

"ஊர் சுத்துற வேலை."

"செருப்பு பிஞ்சிடும்!"

"ஐயோ, நெஜமாத்தான்க்கா! ஒயிட் டவுன்ல அந்தப் பழைய பிரெஞ்சுக்காரங்க தெருவப் பாக்க வர்ற டூரிஸ்டுங்கள நடத்திக் கூட்டிட்டுப் போயி, தெருத் தெருவா கத சொல்றது. சந்திரகலான்னு ஒரு மேடம் நடத்துறாங்க. போன மாசம் கூடவே நடந்து செஞ்சி காட்டுனேன். ஸ்கூல்ல படிச்ச பிரெஞ்சக்கூட எடுத்து வுட்டேன், ஒரு வெள்ளக்காரம்மா கை தட்டுச்சு தெரியுமா! காலையில பூரா நடந்தும் துளி வலி இல்லக்கா."

அவன் மூஞ்சி அப்படி ஒரு பிரகாசமா இருந்து குழலி பாத்து வருஷமாச்சு.

"அப்புறம் என்ன ஆச்சு?"

"என்ன ஆவும்? வேணாம்னுட்டாங்க." மூஞ்சி பொசுக்குனு அணைஞ்சிடுச்சு. "வுடுக்கா. அங்க போயி எதுவும் கேட்டு வெக்காத."

கேக்காம இருப்பாளா குழலி? மறுநாளே அந்த மேடம் ஆபீசுல போயி நின்னா.

"ஏன் மேடம், நோயாளின்னா எளக்காரமா? ஒரு புள்ள அவ்ளோ ஆசையா நடந்து காட்டியிருக்கான். நல்லாத்தான செஞ்சான்?"

சந்திரகலா எந்திரிச்சே நின்னுட்டாங்க. "செம்மலோட அக்காவா? ரொம்ப நல்லா செஞ்சாரும்மா. நான் வெச்சிருக்குற ஆளுங்க யாரும் அந்த மாதிரி கத சொல்ல மாட்டாங்க."

"அப்புறம் எதுக்கு வேணாம்னீங்க?"

"நீங்கதான போன்ல அழுதீங்க?"

குழலிக்குப் புரியல. "நானா?"

"வேலைக்குச் சேக்குறதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு வார்த்த கேட்டுக்குவோம்னு போன் பண்ணேன். என்னா வேலைன்னு நான் சொல்றதுக்குள்ளயே, 'முடியாத புள்ளைங்க மேடம், ஒரு எடத்துல உக்கார வைங்க, அலைய வுட்டுடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்'னு ஒரே அழுக. எனக்கே மனசு கேக்கல. நாளைக்கு நடக்கும்போது எதுனா ஆயிட்டா யாரு பதில் சொல்றது?"

தம்பிய வேலைக்குக் கேட்டு யாரு போன் பண்ணாலும் அவ அதையேதான் சொல்லுவா. அந்த ஜவுளிக்கடைக்கும் சொன்னா. அந்த லாட்ஜுக்கும் சொன்னா. எல்லாரும் ரொம்ப நல்லவங்களா சேரைப் போட்டுக் குடுத்தாங்க.

"இப்ப... எடம் இருக்கா மேடம்? அவனால நடக்க முடியும். நல்லாவே முடியும்."

"ஆள் போட்டுட்டேனேம்மா. நேத்து வந்திருந்தாக்கூட பரவால்ல, இன்னிக்குத்தான் சேந்தாரு."

குழலி திரும்புனா. வாசல் வரைக்கும் போயிட்டு நின்னா.

"மேடம், நான் போன்ல அழுதது... தம்பிக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே சொல்லிட்டேனே."

"கோவப்பட்டானா?"

"இல்லம்மா. சிரிச்சிக்கிட்டே, 'இது எங்க அக்காவுக்கு மட்டும் தெரிய வேணாம் மேடம், தாங்க மாட்டாங்க'ன்னு சொல்லிட்டுப் போனாரு."