கேட்டில் நின்ற ஒரே தோழர்

கோஷம் போட்டே 'முழக்கம்' என்று பெயர் வாங்கியவர் மைக்கைப் பிடித்து ஒருமுறை இருமினார். முன்வரிசை நாற்காலிகள் ஆட்களோடு சேர்ந்து பின்னுக்கு நகர்ந்தன.

"பயப்படாதீங்க தோழர்களே. இது நோய் இல்ல, போராட்டம்" என்றார், கரகரத்த குரலில்.

போன வாரம் நடந்த வேலைநிறுத்தத்தில் கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டை அது. வெந்நீர் வைத்துக் கொடுத்த மனைவியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இன்று ஆலை கேன்டீனில் நடக்கும் சங்கச் செயலாளர் தேர்தலில் அவர் நம்பியிருந்ததே அந்தத் தொண்டையைத்தான்.

எதிர்த்து நிற்பது வேறு யாருமில்லை, அந்த மனைவியின் தம்பிதான். தூங்கும்போதுகூட மூக்கை மூடிக்கொண்டே தூங்குகிறவன் என்பதால் பிஸ்கட் ஆலையில் அவனுக்கு 'மாஸ்க்கு' என்று பெயர்.

மாமனுக்கும் மச்சினனுக்கும் கொடி ஒன்று, நிறம் சிவப்பு. ஆனால் நோய் வந்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் எதிலும் ஒத்துப்போகவில்லை. ஊரடங்கு தொழிலாளியைக் காப்பாற்றுகிறது என்பான் அவன்; தொழிலாளியை வீட்டில் பூட்டிவைத்துப் போராட்டத்தைக் கொல்கிறது என்பார் இவர். விரல் வைக்கும் கருவியை எடுத்துவிட்டு, முகத்தைப் பார்த்தே வருகையைப் பதிந்துகொள்ளும் கருவியை நிர்வாகம் வாசலில் மாட்டியபோதும் இதே கதைதான். தொற்று குறையும் என்று அவன் வரவேற்றான், நம் மூஞ்சியை முதலாளிக்கு அடகு வைப்பதா என்று இவர் கொதித்தார். நடுவில் மாட்டிக்கொண்ட அக்கா, சாப்பிடும் நேரத்தில் உலக அரசியல் பேசினால் தட்டைத் தூக்கிவிடுவேன் என்று சொல்லிவைத்திருந்தாள்.

நோயில் படுத்தவர்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும் என்றுதான் வேலைநிறுத்தம். அதிலும் இரண்டு கோஷ்டி. எல்லாரும் பத்திரமாக வீட்டில் இருந்தாலே ஆலை அடுப்புகள் அணைந்துவிடும் என்றது மாஸ்க்கு கோஷ்டி. கேட்டில் வந்து நிற்காதவன் தொழிலாளியே இல்லை என்றது முழக்கம் கோஷ்டி.

அன்று காலை முழக்கம் கோஷ்டியில் முழக்கத்தைத் தவிர ஒருவரும் வரவில்லை. ஒருவருக்கு வயிற்று வலி, ஒருவரை மாமியார் விடவில்லை, மற்றவர்கள் போனையே எடுக்கவில்லை.

மனுஷன் அசரவில்லை. வாசல் தூணில் கொடியைக் கட்டினார். ஒவ்வொரு கோஷத்துக்கும் முகக்கவசத்தை இறக்கி, கேட்டைப் பார்த்து ஓங்கிக் கத்தி, பதில் கோஷத்தையும் தானே போட்டுக்கொண்டார். ஆளில்லாத வாசலில் தூணிலிருந்த பச்சை விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னியது. அதையும் ஆதரவுக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, சாயங்காலம் வரை நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

விடுப்பு கிடைத்துவிட்டது. யாரால் கிடைத்தது என்பதுதான் இன்றைக்குக் கேள்வி.

"போர்வைக்குள்ள புரட்சி பண்ணவங்கள நான் குறை சொல்லல" என்றார் முழக்கம். "ஆனா அன்னிக்கு கேட்டுல நின்னது யாரு?"

கேன்டீனே கைதட்டியது. போனை எடுக்காதவர்கள்தான் ரொம்ப பலமாகத் தட்டினார்கள்.

மாஸ்க்கு மெல்ல எழுந்தான். இத்தனை வருஷமாகக் கூட்டத்தில் தோழர் என்றே கூப்பிட்டவன், இன்று முறை சொல்லிக் கூப்பிட்டான்.

"மாமா நின்னாரு, அது உண்மை. நான் போட்டியிலேருந்து விலகிக்கறேன்."

முழக்கம் மச்சினனைக் கட்டிப்பிடிக்கப் போய், அவன் ஓரடி பின்வாங்கியதும் இடைவெளி நினைவு வந்து, கைகூப்பினார்.

அந்த நேரம் பார்த்து மனிதவளப் பிரிவு அதிகாரி உள்ளே வந்தார். கையில் ரிப்பன் கட்டிய பெட்டி.

"சார், உங்களைத்தான் தேடிட்டு இருந்தேன். எல்லார் முன்னாடியும் குடுக்கச் சொல்லி நிர்வாகத்தோட உத்தரவு."

முழக்கம் கூட்டத்தைப் பெருமையோடு ஒரு சுற்றுப் பார்த்தார். ஒரு போராளியை முதலாளி வர்க்கமே மதிக்கிறது என்றால் சும்மாவா? மைக்கை அதிகாரியிடமே நீட்டினார்.

"எதுக்குக் குடுக்கறீங்கன்னு கடைசி வரிசைக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

அதிகாரி மைக்கை வாயருகே வைத்துக்கொண்டார்.

"காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் வாசல் மெஷின்ல உங்க முகம் மட்டும்தான் சார் பதிவாகியிருக்கு. ஸ்ட்ரைக் அன்னிக்கு வேலைக்கு வந்தது நீங்க ஒருத்தர்தான்."