டிரம் மேல் ஒட்டிய பெயர்

“யாரு இந்தக் கடைக்கு முதலாளி? வெளிய வாங்க!”

கருத்தம்மாவின் சத்தத்தில் பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கெமிக்கல் கடைக்காரர் பெருமாள்சாமி அவசரமாக வெளியே வந்தார். கருத்தம்மாவுக்குப் பின்னால், அவருக்குப் பழக்கமான சாயப்பட்டறை மேனேஜர் தமிழ்செல்வன் முகம் சிவக்க நின்றிருந்தார்.

“ஏனுங்க, என்னாச்சுங்க?”

“எம் புருசன் மூஞ்சியெல்லாம் வீங்கி, மூச்சு விட முடியாம ஆஸ்பத்திரியில கெடக்காக. நீங்க அனுப்புன கெமிக்கலைத் தொட்டுத்தான்!”

“சும்மா சொல்லலீங்க,” என்றார் தமிழ்செல்வன். “துணி மெத்துன்னு வர்றதுக்கு ஊத்தறமே, பாலிஎத்திலீன் கிளைகால், அது இவங்க புருசன் மாரிச்செல்வம் ஒடம்புக்கு ஆகாதுன்னு டாக்டர் அப்பவே எச்சரிச்சாருங்க. மறுபடி பட்டா உசுருக்கே ஆபத்துன்னாரு. அதனால அவரை வேலையை விட்டே நிறுத்தி வெச்சேன்.”

“மாசக்கணக்கா வீட்ல மொடங்கிக் கெடந்தாக,” கருத்தம்மாவின் குரல் உடைந்தது. “நான் ஒருத்தி பனியன் கம்பெனிக்குப் போயி குடும்பத்தை ஓட்டுனேன். மறுபடி வேலைக்குக் கூப்பிட்டதும் எம்புட்டு சந்தோசமாப் போனாக!”

“நான்தானுங்க கூப்பிட்டேன். இப்ப நீங்க அனுப்பற டிரம்முல ‘பாலிஆக்சிஎத்திலீன்’னு போட்டிருந்துச்சு. சரி, இது வேற சரக்குன்னு நம்பினேன்.”

பெருமாள்சாமியின் முகம் வெளுத்தது.

“ரெண்டும் ஒரே சரக்குதானுங்க. நீளமான சங்கிலி மாதிரி இருக்கும், நடுவுல நடுவுல ஆக்சிஜன் வரும். அதனாலதான் தண்ணியில சுளுவாக் கரையுது. கிளைகால்ல இருந்து வர்றதுன்னு பாத்தா ஒரு பேரு, சங்கிலியோட அமைப்பைப் பாத்தா இன்னொரு பேரு. ரெண்டுமே சரிதானுங்க.”

“சரியா? எது சரி?” கருத்தம்மா பாய்ந்தாள். “உங்களுக்கு ரெண்டு பேரு. எனக்கு இருக்கது ஒரே புருசன்யா! இத்தனை நாளா ஒட்டுன பேரை எதுக்கு மாத்துனீக? ஆளைக் கொல்லவா?”

“ஆத்தா சத்தியமா அவருக்கு ஆகாதுங்கறது எனக்குத் தெரியாதுங்க. உங்க பட்டறை ஆளுன்னு ஒருத்தர் வந்தாருங்க. டிரம் லேபிள்ல அடியில பொடி எழுத்துல இருக்கற பேரைப் பெருசாப் போட்டுக் கொடுங்க, மேனேஜர் கேக்கறாருன்னாரு. தப்பான பேரு இல்லியேன்னு நானும் அடிச்சு ஒட்டினேன்.”

“நான் யாரையும் அனுப்பலையே!” என்று கத்தினார் தமிழ்செல்வன்.

“யாரு அந்தப் பாவி? சொல்லுங்க! எம் புருசனைக் கொல்லப் பாத்தவனை நடுத்தெருவுல நிறுத்தி செருப்பாலயே அடிக்கேன்!”

பெருமாள்சாமி அவளை நிமிர்ந்து பார்க்கத் தயங்கினார்.

“பேரு கேக்கலீங்க. தெக்கத்திப் பேச்சு. ரெண்டு கையிலயும் தோலு உரிஞ்ச தழும்பு, மூஞ்சியில பழைய வீக்கத்தோட தடம் இன்னும் இருந்துச்சு. ‘சீக்கிரம் ஒட்டிக் குடுங்க அண்ணாச்சி, எம் பொண்டாட்டி ஒருத்தியாக் கெடந்து கஷ்டப்படுதா’ன்னாருங்க.”