வலக்கை நோ

"எந்த விரல் விறைக்குதம்மா?"

வலக்கையை மேசைமேல் நீட்டிக்கொண்டிருந்த அருமைநாயகி, கேள்வி கேட்ட பிசியோதெரபிஸ்ட் தக்சாயினியைத் திகைப்போடு பார்த்தாள்.

"அதைப் பாத்துச் சொல்லுறன், பிள்ளை."

"பாக்கிறதோ? விறைச்சால் தெரியும்தானே!"

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சின்ன கிளினிக்கில் சேர்ந்து நாலு வருஷமாகியும், தக்சாயினி இப்படியொரு பதிலைக் கேட்டதில்லை. குருநகரிலிருந்து வந்திருந்த அந்த ஐம்பது வயதுப் பெண்ணின் கையை அவள் தூக்கினாள், மடக்கினாள், முறுக்கினாள். ஒரு முனகல்கூட இல்லை. தன் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னபோது தக்சாயினிக்குத்தான் நொந்தது.

"எப்ப கூட நோகுது?"

"விடியக் காலமை. அண்ணாந்து பாக்கவும் ஏலாது. தேத்தண்ணிக் கோப்பை கையிலை நிக்காது, வழுகி விழும்."

"நோகேக்கை கையை எப்பிடி வைச்சால் சுகமாயிருக்கும்?"

"தலைக்கு மேலை. உள்ளங்கையை உச்சியிலை வைச்சுக்கொண்டுதான் இருக்கிறது."

தக்சாயினி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்பிடியெண்டால் காரணம் கையிலை இல்லை, கழுத்திலை. கழுத்தெலும்புக்குள்ளாலை வாற நரம்பு நசிபடுது போலை. கையைத் தலையிலை வைச்சால் நரம்பு தளரும், நோ குறையும். தோளிலை பாரம் ஏதும் தூக்கிறதோ?"

"போட் எஞ்சின்."

"எஞ்சினோ? நீங்களோ?"

அருமைநாயகி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "கரையிலையிருந்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வாறதுதான்."

"அதை முதல்லை நிப்பாட்ட வேணும்."

"அதைச் சொல்லுறதுதான் கஷ்டம், பிள்ளை. ஏதும் அப்பியாசம் இருந்தால் காட்டுங்கோ. தூரத்திலை நிண்டு பாத்தாலும் விளங்கிற மாதிரி."

தக்சாயினி முகத்தை நிமிர்த்தி, நாடியைக் கழுத்தோடு சேர உள்ளே இழுத்து, தோள்களைப் பின்னால் தள்ளிக் காட்டினாள்.

மூன்று கிழமை கழித்து வந்த அருமைநாயகி, நோ பாதியாய்க் குறைந்துவிட்டதென்றாள். விறைக்கிறது பெருவிரலும் சுட்டுவிரலுமாம். "அதுகளைத்தான் உதறுறது" என்றாள்.

கழுத்து நரம்புதான். தக்சாயினிக்கு இனிச் சந்தேகமே இல்லை. ஆனால் அன்றைக்கும் சோதித்துப் பார்த்தாள், ஒரு குறையும் இல்லாத கை. நோ இருக்கிறது, அதற்குக் காரணம் இருக்கிறது, அது மாறியும் வருகிறது. நோகிற கையை மட்டும் காணவில்லை!

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு குருநகருக்குப் போய், வீட்டை விசாரித்துப் பிடித்தாள்.

அருமைநாயகி முற்றத்தில் பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்தபடி நின்று, நாடியை இழுத்து இழுத்து உரக்க எண்ணிக்கொண்டிருந்தாள். "அஞ்சு... ஆறு..."

இடுப்பளவு மதிலுக்கு அப்பால், சாரம் கட்டிய ஒரு மனிதர் அவளை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து அதையே செய்துகொண்டிருந்தார்.

"ஏழு..."

தக்சாயினியைக் கண்டதும் எண்ணிக்கை நின்றது.

"ஆரம்மா அவர்?"

அருமைநாயகி குரலைத் தாழ்த்தினாள். "என்ரை தம்பி, கிறிஸ்துநாயகம். என்ன நோவெண்டாலும் டொக்டரிட்டைப் போகமாட்டான். அம்மாவின்ரை செத்தவீட்டிலை சண்டை பிடிச்சுக்கொண்டு போனவன், ஒன்பது வருஷமாய் என்னோடை ஒரு சொல்லுக் கதைக்கேல்லை."

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கரகரத்த குரலொன்று கேட்டது.

"எட்டு."