வளையாத இடுப்பு

"மெல்ல அழுத்து சைபின். அது முதுகு, மாவு இல்ல" என்றார் சன்யா, பாயில் குப்புறப் படுத்தபடி.

"இன்னும் கையே வைக்கல அண்ணே. எண்ணெய் சூடு சரியா இருக்கான்னு பாக்கறேன்."

சைபின் அடுத்த தெருவில் மசாஜ் கடை வைத்திருப்பவள். இஞ்சி போன்ற பிளைக் கிழங்கைத் தேங்காய் எண்ணெயில் பொரித்து, எலுமிச்சம்புல் தைலமும் கற்பூரமும் கலந்து அவள் இறக்கும் எண்ணெய்க்கு வட தாய்லாந்தின் லம்பாங் வட்டாரம் முழுவதும் பெயர் உண்டு. பிடித்த கழுத்து, இழுத்த தொடை எல்லாம் அதற்கு அடங்கிவிடும். சன்யாவின் இடுப்பு மட்டும் காலையிலிருந்து அடங்கவில்லை.

மறுநாள் விடிந்தால் அவருடைய ஒரே மகன் தனவத் துறவு பூணுகிறான். ஊர் வழக்கப்படி மழைக்காலம் முடியும்வரை புத்தர் கோயில் வாசம், பிறகு வீடு திரும்பலாம். காவி உடுத்தி அவன் வெளியே வந்ததும் பெற்றவர்கள்தான் முதலில் அவன் முன் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட மூன்று முறை வணங்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தகப்பனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது என்றால் ஊர் சும்மா இருக்குமா?

சன்யா முன்னாள் ஊர்த்தலைவர். மாவட்ட அதிகாரி வந்தபோதுகூட விறைத்து நின்றே வணக்கம் சொன்னவர். மகன் வங்கி வேலையை உதறிவிட்டுச் சந்தையில் ஐஸ் காபி விற்க உட்கார்ந்த நாளிலிருந்து அவனோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. அவன் காலில் இவர் விழுவாரா, மாட்டாரா என்பதுதான் சந்தை முழுக்கப் பேச்சு. இடுப்புச் செய்தி பரவியதும், விழமாட்டார் என்றவர்கள் மீசையை முறுக்கிக்கொண்டார்கள்.

மனைவி லம்யை ஆவி பறக்கும் மூலிகைக் கிழிகளைத் தட்டில் ஏந்தி வந்தாள். "எப்படிப் பிடிச்சதுன்னு கேளு சைபின். உனக்காவது உண்மையைச் சொல்றாரான்னு பாப்போம்."

சைபின் கேட்டாள். அரிசி மூட்டையைத் தூக்கியதால் வந்தது என்றார் சன்யா.

"மூட்டையைத் தூக்கி வச்சது தனவத்" என்றாள் லம்யை.

அப்படியென்றால் கிணற்றடியில் வழுக்கியிருக்கும் என்றார்.

"நம்ம வீட்டுல கிணறு ஏதுங்க?"

சைபின் சிரிப்பை அடக்கிக்கொண்டு இடுப்பின் இரு பக்கமும் எண்ணெயைத் தேய்த்து, கட்டைவிரலால் மெல்ல நீவினாள். எலுமிச்சம்புல் வாசம் அறை முழுவதும் ஏறியது. கிழி ஒத்தடம் பட்டதும் சன்யாவின் தோள்கள் தளர்ந்தன. அது தெரிந்துவிடக் கூடாது என்பதுபோல உடனே ஒரு முறை முனகினார்.

அப்போது தனவத் உள்ளே வந்தான். மாலையில்தான் தலையை மழித்திருந்தார்கள். வெள்ளை உடையில் புதியவன்போல வாசலோரம் நின்றான். லம்யை ஓடிப்போய் அந்த மொட்டைத் தலையைத் தடவிக் கொடுத்தாள். துறவியைப் பெண்கள் தொடக் கூடாது; நாளையிலிருந்து பெற்றவளும் அவனைத் தொட முடியாது.

"அப்பா, நீங்க சிரமப்பட வேண்டாம். மடத்துப் பெரியவர்கிட்டப் பேசிட்டேன். நாற்காலியில உட்கார்ந்து கையைக் கூப்பினாலே போதும்னு சொல்லிட்டாரு."

குரல் தெளிவாகத்தான் இருந்தது. பார்வை மட்டும் தரையைவிட்டு எழவில்லை.

சன்யா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கேட்டுக்கிட்டீங்களா? நாற்காலி கிடைச்சிடுச்சு. இதுக்குத்தானே இத்தனை முனகலும்" என்றாள் லம்யை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, விருந்துக்கு வந்த உறவினர்களைக் கவனிக்க மகனோடு வெளியே போனாள்.

சைபின் எண்ணெய்ப் புட்டியை மூடினாள். நாற்காலி கிடைத்த பிறகு இனி எதற்காக நீவுவது?

"மூடாதே" என்றார் சன்யா தாழ்ந்த குரலில். "கதவைச் சாத்திட்டு வா. இருக்கிற எண்ணெயை எல்லாம் ஊத்து. காலையில நான் மண்டி போட்டாகணும்."

"எங்கிட்டயுமா நடிப்பு அண்ணே? விழ இஷ்டமில்லைன்னா நேரா சொல்லிடுங்க. பாவம், அந்தப் பையன் முகத்தைப் பாத்தீங்களா?"

"பாத்ததாலதான் சொல்றேன்."

சன்யா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். காது மடல்கள் சிவந்திருந்தன.

"தலைவர்னு சொல்லி எல்லா இடத்துலயும் நாற்காலி போட்டே என்னைக் கெடுத்துட்டாங்க. மண்டி போட்டு எத்தனையோ காலமாச்சு. நான் கோணலா விழுந்து, எழுந்திருக்க முடியாம தடுமாறினா என் பிள்ளையோட நல்ல நாள் கேலிக்கூத்தா ஆயிடாதா? அதான் தேதி குறிச்ச அன்னிக்கிருந்து, வீட்டுல ஆள் இல்லாத நேரமா பாத்து, மின்விசிறியை எதிர்ல நிறுத்தி அதைத் தனவத்தா நெனச்சு விழுந்து விழுந்து பழகுறேன். இன்னிக்குக் காலையில மூணாவது கும்பிடு போட்டுட்டு எழுந்திருக்கும்போதுதான் பிடிச்சுக்கிச்சு."