ஏழு டம்ளர் டீ

ஒரே தட்டில் ஏழு கண்ணாடி டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்ட சத்தம். கேட்டு ஆறு வருஷமாகிறது. கள்ளக்குறிச்சியில் ஒரு கம்ப்யூட்டர் கடை.

தட்டைப் பிடுங்கியவன் கடையில் வேலை பார்த்த சிவசங்கர். டீக்குக் கை நீட்டியிருந்தவர் கல்வராயன் மலையிலிருந்து வந்த காத்தான்.

"மொதல்ல பொருளப் பாருங்க பெரியவரே. டீ எங்கயும் ஓடிடாது."

நீட்டிய கை அப்படியே நின்றது. சார்ஜர் வாங்கப் போயிருந்த எனக்கே கூசிப் போயிற்று.

ஒரு லேப்டாப் வாங்க ஏழு பேர் வந்திருந்தார்கள். காத்தான், அவர் மகள் மணிமொழி, தங்கை ஆயம்மாள், மற்றும் நான்கு உறவுக்காரர்கள். உள்ளே நுழையும்போதே சிவசங்கர் கேட்டான்: "இன்னா, பொண்ணு பாக்க வந்திருக்கீங்களா?"

"பெரிய பொருள் வாங்க நாங்க தனியா போவ மாட்டோம் தம்பி" என்றாள் ஆயம்மாள்.

மணிமொழி கல்லூரி முடித்தவள். கம்ப்யூட்டர் கேம் செய்யப் பழகியிருந்தாள். மாதக் கடைசிக்குள் ஒரு கேம் செய்து அனுப்பினால் சென்னையில் ஒரு கம்பெனி வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ஊரிலிருந்தே செய்யலாம். இரண்டு வருஷம் சாமை விற்ற காசு மொத்தமும் காத்தானின் மஞ்சள் பையில் இருந்தது. இது சரியாக அமையாவிட்டால் இன்னொன்று வாங்க வழியில்லை.

"வெளையாட்டு செய்யறதுக்கு எதுக்குடி இம்மாம் பெரிய பொட்டி?" என்று கேட்டாள் ஆயம்மாள்.

"வெளையாடறவங்களுக்கு மரம் தெரிஞ்சா போதும் அத்த. செய்யறவளுக்கு அந்த மரத்துல ஒவ்வொரு எலை மேலயும் வெளிச்சம் எப்பிடி விழுதுன்னு இந்தப் பொட்டி கண்டுபுடிக்கணும். அதுக்குத்தான் தனியா கிராபிக்ஸ் கார்டு, ஜாஸ்தி ராம் எல்லாம்."

"அப்ப நம்ம மலைய உள்ள வெப்பியா?"

"ஆமா."

"காட்டுப்பன்னியும் வருமா?"

"வரும் அத்த."

"அத மட்டும் வெக்காதடி. அங்கயும் வந்து சாமைய மேஞ்சிடும்."

கடை முதலாளி ராமசாமி எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார். வாய் நிறைய "அய்யா, அம்மா" என்றார். உள்ளேயிருந்து ஒரு லேப்டாப்பைத் தானே எடுத்து வந்தார்.

"முப்பத்திரண்டு ஜிபி ராம். தனி கிராபிக்ஸ் கார்டு. ஒரே பீஸ்தான் இருக்குது. பாப்பாவுக்குன்னே காத்துக்கினு இருந்திருக்குது."

"கொஞ்ச நேரம் ஓட்டிப் பாக்கலாமா சார்?" என்றாள் மணிமொழி.

"கம்பெனிப் பொருள், எதுக்குமா சந்தேகம்? மொதல்ல எல்லாரும் டீ குடிங்க."

அப்போதுதான் டீ வந்தது. அப்போதுதான் சிவசங்கர் தட்டைப் பிடுங்கினான்.

"டேய் சிவா! வந்தவங்களுக்கு மரியாத குடுக்கத் தெரியாதா?" என்று கத்தினார் ராமசாமி.

சிவசங்கர் தட்டைக் கொண்டுபோய்ப் பின்பக்க அலமாரியின் உச்சியில் வைத்தான்.

"ஒரு அரை மணி கேம் ஓட்டிப் பாக்கட்டும் சார். அதுகூட செய்யத் தெரியாதவங்களுக்கு இம்மாம் பெரிய லேப்டாப் எதுக்கு?"

ஆயம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "நாங்க குடிச்சா உன் டம்ளரு கெட்டுப் பூடுமா? ஓட்டு கண்ணு! அரை மணி இன்னா, ஒரு மணி ஓட்டு! இவன் கண்ணு பாக்கட்டும்."

நானும் விடவில்லை. "படித்த பிள்ளைதானே நீ?" என்றேன். அவன் லேப்டாப்பை மணிமொழி பக்கம் திருப்பி வைத்தான்.

மணிமொழி, தான் செய்து பழகிய கேம் இருந்த பென்டிரைவைச் செருகினாள். திரையில் ஒரு மலை எழுந்தது. மரங்கள் அசைந்தன. ஏழு பேரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள். ராமசாமி மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார்.

லேப்டாப்பின் விசிறி இரைய ஆரம்பித்தது. பதினெட்டாவது நிமிஷம் மரங்கள் அப்படியே உறைந்தன. திரை கறுத்தது.

ஆயம்மாள் அதன் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். "யப்பா! தோசக்கல்லு மாதிரி கொதிக்குது."

"கரண்டு பிரச்சின..." என்று ஆரம்பித்தார் ராமசாமி. காத்தான் கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

வாசலில் அவரிடம், "அந்தப் பையனுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்" என்றேன்.

"அவன் வாய் கெட்டவன்தாம்மா. ஆனா டீ குடிக்காததும் நல்லதாப் பூடுச்சி."

"ஏன்?"

"ஒருத்தர் எடத்துல கை நனைச்சிட்டா பேச்சு முடிஞ்ச மாதிரி. அப்பறம் ஓட்டிப் பாக்கக் கேக்கறதோ, கொற சொல்றதோ எங்க ஊர்ல வழக்கம் இல்ல. போன வருசம் என் மச்சான் இங்கதான் டீ குடிச்சிட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினு வந்தான். மாசம் திரும்பல, கெட்டுப்போச்சி. எடுத்துக்கினு போய்க் கேளுடான்னா, டீ குடிச்சிட்டனேன்றான்."

அவர்கள் படியிறங்கிப் போனார்கள்.

நான் உள்ளே வந்தேன். சிவசங்கர் ஆறிப்போன டீயை ஒவ்வொரு டம்ளராக வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"கை நனைக்கிற வழக்கம் உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

முதலாளி இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "இது ஏற்கெனவே ரெண்டு பேர் திருப்பிக் குடுத்த பீஸும்மா. வாயத் தொறந்து சொல்ல முடியாது. போன வருசம் அந்தப் பெரியவரு மச்சான் வூட்டுக்கு நானே போய், கம்ப்யூட்டர எடுத்தாந்து மாத்தித் தரேன்னு கெஞ்சினேன். டீ குடிச்சிட்டேன், வேணாம்னுட்டாரு. அவருக்கு அன்னிக்கி டீ எடுத்துக் குடுத்தவன் நான்தான்."

மணிமொழி விழுப்புரத்தில் வேறொன்று வாங்கி, மாதக் கடைசிக்குள் கேமை அனுப்பி வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

சிவசங்கரை அன்று சாயங்காலமே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.