குடை பிடித்த ரோபோ

படம் பார்க்கும் இணையதளங்களுக்கெல்லாம் ஆபீசில் மேனேஜர் தடை போட்டதும், பில் பிரிவு குமாஸ்தாவுக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் போன் மகள் கையில். ஆபீசில்தான், தினமும் பதினோரு மணி டீயோடு, ஓர் ஓவியர் போடும் ரோபோ படத்தைப் பார்ப்பார். 'நட்டு போல்ட்டு' என்ற புனைபெயரில் நாலு வரி பாராட்டி எழுதுவார்.

நாலாம் நாள் மேனேஜர் ஹாலுக்கு நடுவில் வந்து நின்றார்.

"யாருங்க இங்க நட்டு போல்ட்டு?"

குமாஸ்தா மெல்ல எழுந்தார்.

"நான்தான் சார்."

"உள்ளே வாங்க."

அறைக்குள் போனதுமே குமாஸ்தா கொட்டிவிட்டார். "தப்புதான் சார். ஆனா அந்தப் படங்களைப் பார்த்தா மனசே லேசாயிடும். பால்கார ரோபோ நாய்க்குப் பயந்து மரத்துல ஏறி உட்கார்ந்திருக்கும் பாருங்க..."

"அது கிடக்கட்டும். மூணு நாளா ஏன் ஒண்ணுமே எழுதலை?"

"நீங்கதானே சார் தடை போட்டீங்க?"

"தடை போட்ட அன்னியிலேர்ந்துதான் ஆளைக் காணோம். அப்பவே எனக்குப் பொறி தட்டுச்சு."

மேனேஜர் அசடு வழியச் சிரித்தபடி மேஜை டிராயரை இழுத்தார். உள்ளே ஃபைல் எதுவும் இல்லை. வண்ணப் பென்சில்களுக்கு நடுவே, குடை பிடித்த ரோபோ ஒன்று பாதி வரைந்து கிடந்தது.

"சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்டேன் சார். எனக்கு மொத்தமே ஒரு ரசிகர்தான், அவருக்கே தடை போட்டிருக்கேன்! எடுத்துட்டேன், விடுங்க. இதுக்கு முழங்கால் சரியா வந்திருக்கா, பார்த்துச் சொல்லுங்க."