ஏழாவது நன்றி

"அப்படி ஒரு வார்த்தை எங்க பாஷையில இல்ல, மேடம்."

யூலியானா மலாயில் சொன்னதைக் கேட்டதும் வெண்டி கையிலிருந்த பேனாவை மேசைமேல் எறிந்தாள்.

"என்னது? நன்றிக்கு வார்த்தை இல்லையா?"

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஈப்போ கத்தோலிக்கக் கோயிலில் புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்காகச் சிறப்புப் பூசை. பூசை முடிந்ததும் மண்டபத்தில் 'ஏழு மொழிகளில் நன்றி' என்றொரு நிகழ்ச்சி. யோசனை வெண்டியுடையது. ஆறு மொழிக்கு ஆள் பிடித்தாயிற்று. ஏழாவதாக, நாலு வருடமாகத் தன் வீட்டில் வேலை செய்யும் யூலியானாவையே மேடையேற்றிவிடலாம் என்றிருந்தாள். இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவு, மலைப்பக்கத்து ஊர். அவளும் கத்தோலிக்கப் பெண்தான்.

"மலாயில 'தெரிமா காசே' சொல்லட்டுமா, மேடம்?"

"மலாய்க்கு ஆள் இருக்கு. நீ உங்க ஊர்ல பேசுற பாஷையில சொல்லு."

"ஊர்ல யாரும் நன்றின்னு சொல்றதில்ல, மேடம். ஒருத்தர் நல்லது செஞ்சா, நாமும் அவங்களுக்கு நல்லது செய்வோம். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வெண்டி கணவன் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா? நன்றிங்கிற வார்த்தையே இல்லாத ஒரு ஜனம்! நாலு வருஷத்துல இவ வாயிலேருந்து ஒரு தெரிமா காசே வந்திருக்கா? கிறிஸ்மஸுக்குப் புது உடுப்பு எடுத்துக் குடுத்தேன். வாங்கிட்டு மரம் மாதிரி நிக்கிறா!"

டொமினிக் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடினார்.

"வார்த்தை இல்லன்னா குணமும் இல்லன்னு ஆயிடுமா? கண்டனீஸ்ல பாரு. உதவி செஞ்சா 'ம்கோய்', பொருள் குடுத்தா 'தோச்சே'. ரெண்டு வார்த்தை. அதுக்காகச் சீனவங்களுக்கு நம்மளவிட ரெண்டு மடங்கு நன்றியா? தினம் காலையில நீ கோப்பி போட்டுக் குடுக்குற. நான் என்னைக்காச்சும் நன்றி சொல்லியிருக்கேனா?"

"அதையும் ஒருநாள் கேக்கணும்னுதான் இருக்கேன்!"

டொமினிக் மறுபடி நோட்டைத் திறந்துகொண்டார்.

வெண்டிக்குக் கோபம் அடங்கவில்லை. அடுப்படி வாசலில் போய் நின்றாள்.

"இங்க பாரு. ஃபாதர்கிட்ட உன் பேரைக் குடுத்தாச்சு. அத்தனை பேர் முன்னால என் மானத்த வாங்காத. வார்த்தை இல்லன்னா நாலு வரியாச் சொல்லு. எங்களப் பத்திச் சொல்லு. மனசுல என்ன இருக்கோ, அதைச் சொல்லு."

யூலியானா கழுவிக்கொண்டிருந்த தட்டோடு திரும்பினாள்.

"மனசுல இருக்கிறதையா, மேடம்?"

"ஆமா!"

"சரி, மேடம்."

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. தமிழில் தொடங்கி ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். ஒரு வார்த்தை, ஒரு கும்பிடு, ஒரு கைதட்டல். கடைசியாக யூலியானா மேடையேறினாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஒரு நிமிடத்துக்குமேல் பேசினாள். யாருக்கும் புரியவில்லை. தொடக்கத்தில் நிதானமாக வந்த குரல் போகப் போக நடுங்கியது. நடுவில் வெண்டியின் பெயரைச் சொல்லி, கையால் அவளைச் சுட்டிக் காட்டினாள். கடைசியில் அழுதுவிட்டாள்.

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. வெண்டி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டொமினிக் மட்டும் கைதட்டவில்லை. அந்தப் பேச்சுக்கு நடுவே தெரிந்த சொல் ஒன்று காதில் விழுந்ததுபோல் இருந்தது அவருக்கு.

"குடுத்து வச்சவ லா நீ," என்றாள் பக்கத்தில் இருந்த வலேரி. "என் வீட்டு மெய்டு இப்படி நாலு பேர் முன்னால என்னைப் பத்திப் பேசுவாளா?"

"எல்லாம் நாம நடத்துற விதத்துல இருக்கு, வலேரி. எங்க வீட்டுப் பொண்ணாத்தான் வச்சிருக்கோம்."

சாப்பாட்டுக்கு எல்லாரும் எழுந்தபோதும், பின்வரிசையில் ஒருவன் இடத்தைவிட்டு அசையாமல் நின்றிருந்தான். சிம்பாங் பூலாய் கல்லுடைக்கும் இடத்தில் வேலை செய்யும் பெனெடிக்ட். அவனும் ஃபுளோரஸ்காரன். முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டிருந்தான்.

வெண்டி வலேரியை இழுத்துக்கொண்டு அவனிடம் போனாள். கூடவே இன்னும் நாலைந்து பெண்கள் வந்தார்கள்.

"யூலியானா பேசுனது உனக்குப் புரிஞ்சுதா?" என்று மலாயில் கேட்டாள்.

"பக்கத்து ஊர்தான், மேடம். புரிஞ்சுது."

"அப்ப மலாயில சொல்லு. நாலு வருஷமா நான் கேட்காத வார்த்தை. நான் ரெக்கார்ட் பண்ணிக்கிறேன், எங்க வாட்ஸ்அப் குரூப்ல போடணும்."

கைப்பேசியை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"வேணாம், மேடம்."

"ஏன்? வெக்கப்படாத. எல்லாரும் கேக்கட்டும், சத்தமாச் சொல்லு."

பெனெடிக்ட் மேடைப் பக்கம் பார்த்தான். அங்கேயே நின்றிருந்த யூலியானா 'சொல்' என்பதுபோல் தலையை அசைத்தாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அவ நன்றி சொல்லல, மேடம். 'எங்கம்மா செத்துப் பதினோரு மாசம் ஆச்சு, இன்னும் குழியப் போய்ப் பார்க்கல. வெண்டி மேடம் அலமாரியில வச்சுப் பூட்டியிருக்கிற என் பாஸ்போர்ட்டை யாராவது வாங்கிக் குடுங்க'ன்னு கேட்டா."